யாருடைய தெரு?

பொதுவெளி எல்லோருக்குமானது என்கிறோம். அந்த 'எல்லோருக்கும்' வயது உண்டு. 1947இல் ஆம்ஸ்டர்டாமின் பெர்ட்டல்மான் சதுக்கத்தில் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் மணல்தொட்டியும் சில கம்பிகளும் வைத்தார். 1978க்குள் நகரில் இப்படி 700க்கும் மேல். பெரும்பாலும் வேலி கிடையாது. தெருவில் குழந்தைக்கும் உரிமை வந்தது.

2005இல் வேல்ஸில் வந்ததோ 'மாஸ்கிட்டோ' கருவி. கடைவாசலில் சும்மா நிக்கிற விடலைகளை விரட்ட ஏறத்தாழ 17 கிலோஹெர்ட்ஸ் ஓசை. வயதேற ஏற அதைக் கேட்கும் திறன் போய்விடும். ஆகவே விரட்டுகிறவர் காதில் அது விழாது. அதிகாரம் இங்கே சட்டம் பேசவில்லை, நேராக உடலைத் தொடுகிறது. ஆனால் தாயின் இடுப்பிலிருக்கும் கைக்குழந்தைக்கும் அது கேட்கும்; எதற்கு அழுகிறதென்று தாய்க்குத் தெரியாது. 2010இல் ஐரோப்பிய கவுன்சிலின் நாடாளுமன்ற அவை இதற்குத் தடை கோரியது. விடலையை மட்டும் தனியே விரட்ட முடியாது.