வஞ்சக மடல்களும் சமூக வரலாறும்: பொத்துவிற் கரையை முன்வைத்து ஒரு நோக்கு

மோசடி மடல் ஒவ்வொன்றும் அது எழுதப்பெற்ற காலத்தின் ஆவணமாகும். மக்கள் எதனை அஞ்சுகின்றனரோ, எதனை வேண்டி நிற்கின்றனரோ, அதுவே அம்மடலின் பொருளாக அமைகின்றது. எனவே, மின்னஞ்சல் மோசடியைத் தனிமனிதரின் பேராசை, அறியாமை என்னும் இரண்டினுள் அடக்கிவிடும் வழக்கமான விளக்கம் போதியதன்று. கிழக்கிலங்கையின் பொத்துவிற் பிரதேசத்தை முன்வைத்து இக்கருத்தை ஆராய்வதும், அத்தகைய மடல்களை இனங்காண்பதற்கு அப்பிரதேச மக்களின் அறிவு மரபிலேயே உள்ள அளவுகோல்களைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறையே. கல்முனை, சாய்ந்தமருது தொடக்கம் தெற்கே பொத்துவில், அறுகம்பை வரை கரையோரக் குடியிருப்புகள் அழிந்தன. இச்செய்தி உலகெங்கும் எழுப்பிய இரக்கம் பெரிது. அவ்விரக்கமே சில நாட்களுள் சிலருக்கு மூலதனமாயிற்று. 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த ஒருவர், மேர்சி கோர்ப்ஸ் என்னும் நிவாரண நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தி, 8 இலட்சத்துக்கும் அதிகமான மின்னஞ்சல்கள் மூலம் நன்கொடை கோரினார் எனக் குற்றஞ்சாட்டப்பட்டார். அதே ஜனவரியில், ஆழிப்பேரலை நிவாரணத்துக்கு உதவுமாறு வேண்டும் தலைப்புடன் பரவிய மற்றொரு மடலின் இணைப்பைத் திறந்தவர்களின் கணினிகளுள் நச்சுநிரல் புகுந்தது. அது அவர்களது முகவரிப் பட்டியலில் இருந்தோருக்கும் தானாகவே சென்றது.

இங்கு மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. இம்மடல்களுக்கு மறுமொழி தந்தவர்கள் பேராசைக்காரரல்லர், ஈகையுணர்வு கொண்டவர்கள். இழப்பும் அவர்களோடு முடியவில்லை. பொத்துவிலைப் போன்ற ஊர்களுக்கெனக் கருதிக் கொடுக்கப்பட்ட பணம் அங்கு சேராது போயிற்று. ஒரு கரையின் துயரம், அக்கரையினர் அறியாமலே, வேறெங்கோ விற்பனைப் பொருளானது.

இவ்வடிவம் கணினியோடு பிறந்ததன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்சில் சிறைக்கைதிகள் செல்வர்க்கு எழுதிய மடல்களைப் பற்றி, குற்றவாளியாயிருந்து துப்பறிவாளரான விடோக் எழுதியுள்ளார். புதைக்கப்பட்ட பெருஞ்செல்வம் ஒன்றுண்டு. அதனை மீட்கச் சிறுதொகை வேண்டும் என்பதே அவற்றின் சாரம். பின்னர் அது ‘ஸ்பானியக் கைதி’ என்னும் பெயரில் பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் பரவிற்று. 1980களில் எண்ணெய் விலை வீழ்ச்சியால் நைஜீரியாவின் பொருளாதாரம் நலிவுற்ற வேளையில் அதே கதை அங்கிருந்து தபாலிலும் தொலைநகலிலும் புறப்பட்டது. அந்நாட்டுக் குற்றவியற் சட்டத்தின் 419ஆம் பிரிவே அதற்குப் பெயராயிற்று. கைதியின் இடத்தில் இறந்துபோன அமைச்சரின் மனைவி வந்தார். கதையின் கட்டமைப்பு மாறவில்லை.

மாறியது செலவு. தபாலில் ஒரு மடல் அனுப்ப முத்திரை வாங்க வேண்டும். இலட்சம் மடல்களுக்கு இலட்சம் முத்திரைகள் வேண்டும். மின்னஞ்சலிலோ அனுப்புநரின் செலவு ஏறத்தாழ இல்லை. சுமை முழுவதும் பெறுநரின் நேரத்தின்மீதும், அஞ்சலைக் கொண்டுசெல்லும் நிறுவனங்களின்மீதும் விழுகின்றது. 1978 மே மாதத்தில், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனையாளர் ஒருவர் ஆர்ப்பாநெட் வலையமைப்பில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பியதே வேண்டா மடலின் தொடக்கமெனக் கொள்ளப்படுகின்றது. 1982இல் வகுக்கப்பட்ட அஞ்சற் பரிமாற்ற விதிமுறையில் அனுப்புநர் கூறும் பெயரைச் சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர் குழுவினருக்காக அமைந்த அக்கருவி, நாளடைவில் முன்பின் அறியாதோரின் பெருஞ்சந்தையாயிற்று. மோசடி தழைத்தது இவ்விடைவெளியிலேயே. சரிபார்க்கும் முறைகள் பின்னரே ஒட்டுப்போடப்பட்டன.

இனி, இவ்வலை நமது கரைக்கு வந்த விதத்தை நோக்குவோம். மீன்பிடி, நெற்செய்கை, அறுகம்பையின் சுற்றுலா ஆகியவற்றோடு, வளைகுடா நாடுகளில் உழைப்போர் அனுப்பும் பணமும் பொத்துவில் உள்ளிட்ட கிழக்குக் கரையோரக் குடும்பங்கள் பலவற்றைத் தாங்கி நிற்கின்றது. 2022இல் இலங்கை வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதெனக் கைவிரித்தது. அவ்வாண்டில் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலை தேடி நாட்டைவிட்டுச் சென்றனர். இத்தேவையை அறிந்தே வெளிநாட்டு வேலை, விசா, புலமைப்பரிசில் என்ற பெயர்களில் மடல்கள் வருகின்றன. அஞ்சல் திணைக்களத்தின் பெயரால், பொதியொன்று காத்திருப்பதாகவும் சிறு கட்டணம் செலுத்துமாறும் கூறும் போலிச் செய்திகளும் வருகின்றன. பிள்ளையோ கணவனோ கடல்கடந்து வாழும் வீட்டில் பொதியை எதிர்பார்த்தல் மடமையன்று, அன்றாட வாழ்வு.

வேலை தேடியவரே மோசடியின் கூலியாளாக்கப்படும் கொடுமையும் உண்டு. வேலை வாக்குறுதியை நம்பிச் சென்ற இலங்கையர் பலர் மியன்மாரின் மியாவடிப் பகுதி முகாம்களில் அடைக்கப்பட்டுப் பிறரை ஏமாற்றும் செய்திகளை எழுதுமாறு வதைக்கப்பட்டனர். 2024இல் சிலர் மீட்கப்பட்டனர். மியன்மாரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இவ்வாறு வைக்கப்பட்டிருக்கலாமென ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது. சுரண்டுவோன், சுரண்டப்படுவோன் என்ற பிரிவு மடலின் இரு முனைகளோடு எளிதிற் பொருந்துவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

கற்றோரும் பெரு நிறுவனங்களும் தப்பினர் எனவும் கூறமுடியாது. 2015இன் தொடக்கத்தில் பங்களாதேஷ் மத்திய வங்கி ஊழியர்க்கு வேலை கோரும் மடல்கள் வந்தன. அவற்றின் வழியே வங்கியின் கணினிகளுட் புகுந்தோர், 2016 பெப்ரவரியில், நியூயோர்க்கிலுள்ள அதன் கணக்கிலிருந்து 95.1 கோடி டொலரை எடுக்க முயன்றனர். 8.1 கோடி டொலர் பிலிப்பைன்சுக்குப் போயிற்று. இலங்கையிலுள்ள ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு வந்த 2 கோடி டொலரோ, அறக்கட்டளை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் பிழையாக எழுதப்பட்டிருந்தமை வங்கியொன்றின் ஐயத்தை எழுப்பியதால் மீட்கப்பட்டது. ஓர் எழுத்துப்பிழை அன்று பெருந்தொகையைக் காத்தது. ஆனால், செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பிழையற்ற நடையில் எழுதித்தரும் இக்காலத்தில் அவ்வளவுகோலை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

அவ்வாறாயின் எதனை நம்புவது? பொத்துவில் முதலிய முஸ்லிம் ஊர்களின் மார்க்கக் கல்வியில் வேரூன்றிய ஒரு முறை இங்கு துணைசெய்யும். நபிமொழிக் கலையினர் ஓர் அறிவிப்பை ஏற்குமுன் இரண்டினை ஆராய்வர்: அது யார் யார் வாயிலாக வந்தது என்னும் ‘ஸனத்’, அதன் வாசகமாகிய ‘மத்ன்’. தொடரில் ஒருவர் நம்பகமற்றவராயின் செய்தி வலுவிழக்கும். தொடர் சீராயிருப்பினும் வாசகம் ஆராயப்படும். மின்னஞ்சலுக்கும் இத்தகையதொரு தொடர் உண்டு. வழியிலுள்ள ஒவ்வொரு கணினியும் அம்மடலின் தலைப்பகுதியில் தன் முத்திரையைப் பதிக்கின்றது. அப்பதிவுகள் கீழிருந்து மேலாக வாசிக்கப்பட வேண்டியவை. கீழுள்ளவற்றை வஞ்சகர் புனையலாம். நமது அஞ்சற் சேவை தானே இட்ட மேற்பதிவே நம்பத்தக்கது. திரையில் தோன்றும் அனுப்புநர் பெயரோ எவரும் எழுதிவிடக்கூடியது.

இணைய முகவரியையும் இவ்வாறே நோக்கல் வேண்டும். அதன் தொடக்கத்தில் வங்கியின் பெயர் இருப்பது சான்றாகாது. முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னர் இறுதியாக வரும் பெயர்ப்பகுதியே உரிமையாளரைக் காட்டும்.

வாசகத்தை ஆராயுமிடத்து நான்கு குறிகள் திரும்பத் திரும்ப வருதலைக் காணலாம். உடனே செய்யாவிடில் கணக்கு முடக்கப்படும் என்னும் அவசரம். பிறரிடம் கூறற்க என்னும் இரகசியம். பெருந்தொகைக்கு முன் செலுத்தவேண்டிய சிறுதொகை. கடவுச்சொல்லையோ ஒருமுறைக் குறியீட்டையோ கேட்டல். இவற்றுள் ஒன்றிருப்பினும் மடலிலுள்ள இணைப்பைத் தொடாது, வங்கிப் புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ உள்ள எண்ணுக்கு நாமே அழைத்து வினவுதல் வேண்டும். வெளிநாட்டு வேலையாயின், முகவரின் உரிமத்தை 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் உறுதிசெய்தல் வேண்டும். குறியீட்டைக் கொடுத்துவிட்டவர் வெட்கத்தில் நாள் கடத்தாது அக்கணமே வங்கிக்கு அறிவித்தல் வேண்டும். பணம் பல கணக்குகளுக்குச் சிதறுமுன் தடுக்கும் வாய்ப்பு அப்போதே உண்டு.

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும், 2006இல் நிறுவப்பட்ட இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவும் நமக்குண்டு. ஆயினும், ஏமாந்தவர் வாய் திறவாதவிடத்துச் சட்டம் செயலற்றதாகின்றது. ‘படித்தவனே ஏமாந்தான்’ என்னும் ஊரார் ஏளனம் வஞ்சகனுக்குக் கிடைக்கும் மிகப்பெரிய பாதுகாப்பாகும். எனவே பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் மீனவர் சங்கங்களும் இம்மடல்களைப் பொதுவில் வாசித்து ஆராயும் இடங்களாதல் வேண்டும். கிழக்கிலங்கையில் பெறப்பட்ட மோசடி மடல்களைப் பெயர்களை நீக்கி ஆண்டு வரிசையில் தொகுக்கும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளலாம். அத்தொகுப்பு எதிர்கால வரலாற்றாசிரியனுக்கு இக்காலத்தின் தேவைகளைக் காட்டும். இன்றைய வாசகனுக்கோ நாளை வரவிருக்கும் மடலைக் காட்டிக்கொடுக்கும்.