எரிபொருள் குறைந்த கலவை (பழைய பெற்றோல் எஞ்சின்)

எரிபொருள் குறைந்த கலவை என்பது எஞ்சினுக்குள் செல்லும் காற்றுக்கு ஈடாகப் பெற்றோல் சேராத நிலையாகும். ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிய நிறையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று போதும். காற்று அதனைப் பெரிதும் மிஞ்சும்போது இழுவை குறைந்து, எஞ்சின் சூடேறி, காபரேற்றர் வழியே திருப்பி வெடிப்பதுடன் பிளக்கின் முனையும் வெளிறுகிறது. டீசல் லொறிகளில் காற்று எப்போதும் மிகுதியாகவே இருப்பதால் இவ்விளக்கம் அவற்றுக்குப் பொருந்தாது.

பெற்றோல் பம்பின் டயபிரம் எனப்படும் மென்தகடு வெடித்தல், உறிஞ்சு குழாயில் துளை விழுதல், வடிகட்டி அல்லது காபரேற்றரின் ஜெற் எனப்படும் நுண்துளை அடைபடுதல், உள்வாங்கு குழாயின் கஸ்கெற் கசிதல் ஆகியன பொதுவான காரணங்கள். சோக்கைச் சிறிது இழுத்ததும் ஓட்டம் சீராகுமாயின் கலவையில் பெற்றோல் குறைவு என்பது ஏறக்குறைய உறுதி. எஞ்சினால் இயக்கப்படும் பம்புகள் பொதுவாகச் சதுர அங்குலத்துக்குச் சில இறாத்தல் அழுத்தமே தருவன. அழுத்தமானி சரியாகக் காட்டினும் வழங்கும் அளவு குறைந்திருக்கலாம் என்பதால், குழாயைக் கழற்றிப் போத்தலில் பாயவிட்டும் பார்ப்பர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1990இல் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதாகியபோது, பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சில துளி பெற்றோலில் முடுக்கப்பட்டு, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்பட்டன. எளிதில் ஆவியாகாத மண்ணெண்ணெய் குளிர்ந்த உள்வாங்கு குழாயின் சுவரில் துளிகளாகப் படிவதால், பம்பும் ஜெற்றும் பழுதின்றியும் உருளைக்குள் கலவை மெலிந்தே சேரும். எரியாத எஞ்சிய பகுதி கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும்.