பொன்னணியில் ஒரு காவல் முகம்

சைனாடவுனில், சவுத் பிரிட்ஜ் சாலையில் எழுந்தருளி அருள்பாலிக்கும் அன்னை ஸ்ரீ மாரியம்மனின் திருக்கோயில், 1827ஆம் ஆண்டில் நாராயண பிள்ளை அவர்களால் அமைக்கப்பெற்றது. ஆயினும், இந்து சமயத்தின் திருச்சின்னங்கள் இத்தீவை வந்தடைந்தது அதற்கும் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னராகும். அதற்குச் சான்று பகர்பவை, சிங்கப்பூர் ஆற்றின் மறுகரையில் உள்ள ஃபோர்ட் கானிங் குன்றில் கிடைத்த சில பொன்னணிகளே.

1928ஆம் ஆண்டில் அக்குன்றின்மீது நீர்த்தேக்கம் அமைக்க மண்ணை அகழ்ந்த தொழிலாளர்கள் அவற்றைக் கண்டெடுத்தனர். சிங்கமுகம் போன்றதோர் உருவம் புடைத்து நிற்கும் தோள்வளை, வைரங்கள் இழைத்த வளையங்கள், பறவை உருவம் பொறித்த மோதிரம் ஆகியவை அவற்றுள் அடங்கும். 14ஆம் நூற்றாண்டில், சாவகத்தில் மஜபாகித் பேரரசு ஓங்கியிருந்த காலத்து வேலைப்பாடு இது என்பர் ஆய்வாளர். அந்நாளில் உலகிற்கு வைரம் வழங்கிய நிலங்கள் பாரதமும் போர்னியோவுமே ஆதலின், அக்கற்களும் இவ்விரண்டில் ஒன்றிலிருந்து கடல் கடந்து வந்தனவாதல் வேண்டும்.

தோள்வளையில் உள்ள முகத்தைச் சாவக மக்கள் ‘காலா’ என்பர். நம்மவர் கீர்த்திமுகம் என்பர். சலந்தரனின் தூதனாக இராகு கயிலை வந்து தகாத சொல் மொழிந்தபோது, சிவபெருமானின் புருவநடுவிலிருந்து சிங்கமுகப் பூதம் ஒன்று தோன்றிற்று. இராகு சரணடைந்தான். பசி தாளாத பூதம், இறைவன் ஆணைப்படி தன் உடலையே உண்டு, முகம் மட்டும் எஞ்சி நின்றது. அதற்கு இரங்கிய பெருமான், தம் வாயிலில் என்றும் நிலைபெறுமாறு அருளினார் என்பது புராணம்.

அன்று முதல் அம்முகம் திருவாயிலின் மேலும், திருவாசியின் உச்சியிலும் காவலாய் அமைந்தது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் அரைப்பட்டிகையிலும் சிம்மமுகம் விளங்கக் காணலாம். அணிகலன் அழகுக்கு மட்டுமன்று, அணிவோரைக் காப்பதற்குமாம் என்ற கருத்தே தமிழகத்தையும் சாவகத்தையும் இணைத்தது. மோதிரத்தில் இருந்த பறவை, நான்முகனின் ஊர்தியாகிய அன்னமாகலாம் என்று கருதப்பட்டது.

பிறரைக் காக்கும் அம்முகத்தால் தன்னுடன் கிடைத்த அணிகளைக் காக்க இயலவில்லை. 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியின்போது அவற்றுட் பல காணாமற் போயின. தோள்வளையும் வளையங்களுமே எஞ்சி, சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தைச் சேர்ந்துள்ளன. அன்ன மோதிரத்தை இன்று காண இயலாது. எனினும், அப்படி ஒன்று இருந்தது என்பதை நாம் அறிவோம். கண்டெடுத்த ஆண்டிலேயே ஆர். ஓ. வின்ஸ்டெட் என்னும் அறிஞர், அரச ஆசியக் கழக மலாயாக் கிளையின் ஏட்டில் அவ்வணிகளைப் பற்றி எழுதிவைத்ததே அதற்குக் காரணம்.

இந்த உண்மையை இராசராச சோழன் நன்கு உணர்ந்திருந்தான். தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு அளித்த பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும், இரத்தினங்களைத் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுத்து, முத்துகளின் வகையையும் எண்ணிக்கையையும் கல்வெட்டில் பொறிக்கச் செய்தான். ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அவ்வெழுத்து அணிகளின் பெருமையைச் சொல்லி நிற்கின்றது.

அடியார்கள் அன்னைக்குச் சாத்தும் அன்னப் பதக்கமும், மயில் பதக்கமும், நாகசடையும் அவ்வாறே போற்றத்தக்கவை. கல்லின் நிறம், பொன்னின் எடை, அளித்த நாள், நேர்ந்துகொண்ட காரணம் ஆகியவற்றை எழுத்தில் பதிந்து வைப்பதும் திருப்பணியே. பேழைக்குப் பூட்டு ஒரு காவல். ஏடு மற்றொரு காவல். பேழை வெறுமையான பின்னரும் அன்ன மோதிரத்தின் நினைவைக் காத்துத் தந்தது ஏடே அன்றோ!

அன்னை ஸ்ரீ மாரியம்மன் திருவருள் அனைவர்க்கும் காவலாகுக!