தேத்தண்ணி குடித்தும் தீராத களைப்பு – கொஞ்சம் வரலாறு

 

நோன்பின் முதல் இரண்டு மூன்று நாட்களில், லுஹருக்குப் பிறகு ஒரு தலையிடி வருமே, தெரியும்தானே? பசி, வெயில் என்று சொல்லிக்கொள்கிறோம். அவையும் உண்டுதான். ஆனால் பகல் முழுக்க நாலைந்து கோப்பை தேத்தண்ணிக்குப் பழகிய உடம்புக்கு அது திடீரென்று நின்றுபோவதும் ஒரு பெரிய காரணம். தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் நின்றால் ஒரு நாளுக்குள் தலையிடி, சோர்வு, எரிச்சல் எல்லாம் தொடங்கும். கூடினால் ஒன்பது நாள் இருக்கும். பிறகு தானாக அடங்கிவிடும். பத்தாம் நோன்பளவில் உடம்பு இலேசாகிறது என்று பலர் சொல்வதில் இதற்கும் பங்குண்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், கோப்பியைக் குடிபானமாக உலகுக்குத் தந்தவர்களே இபாதத்துக்காக விழித்திருந்தவர்கள்தான். 15ஆம் நூற்றாண்டில் யெமன் நாட்டு சூஃபிகள் இரவு திக்ரில் தூங்கிவிடாமல் இருக்கக் கோப்பி குடித்தார்கள். அந்தப் பழக்கம் பிறகு கெய்ரோவுக்கும் போனது. அங்கே அவர்கள் குடித்த விதத்தை அல்-ஜஸீரி என்பவர் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலில் காணலாம். சிவப்பு மண் பாத்திரம் ஒன்றில் கோப்பி இருக்கும். தலைவர் சின்ன அகப்பையால் அள்ளி வலப்பக்கமாக ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். கவனியுங்கள், இது வாரத்தில் இரண்டு இரவுகள்தான். ஒரு வேலைக்காக, ஓர் அளவோடு குடித்தார்கள்.

கடைகளுக்கு வந்ததும் கதை மாறியது. 1511இல் மக்காவின் அதிகாரி காயிர் பேக் கோப்பியைத் தடைசெய்தார். உடம்புக்குக் கேடு என்று சாட்சி சொல்ல வைத்தியர்களையும் கூப்பிட்டார். கெய்ரோவில் இருந்த சுல்தான் அந்தத் தடையை முழுமையாக ஏற்கவில்லை, அது நிலைக்கவும் இல்லை. அதிகாரிக்கு உண்மையான பயம் பானத்தைப் பற்றியதா, இரவில் ஆட்கள் கூடிக் கதைப்பதைப் பற்றியதா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

நமது நாட்டுக்கு வருவோம். கோப்பிச் செடி இங்கே முன்பே இருந்தது. ஆனால் சிங்கள மக்கள் அதன் இளம் இலையைக் கறிக்கும் பூவைக் கோயிலுக்குமே பயன்படுத்தினார்கள் என்று எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். பிரித்தானியர் 1820களில் கண்டிப் பக்கம் பெருந்தோட்டம் போட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் எத்தனையோ பேர். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் விழுந்தது. இருபது வருடத்துக்குள் தோட்டங்கள் அழிந்தன. அதற்கு இரண்டு வருடம் முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். 1873இல் லண்டனுக்குப் போன முதற்பொதி வெறும் 23 இறாத்தல்.

அந்தத் தேயிலை நமக்காக நடப்படவில்லை. நமது பாட்டன் பூட்டன்மார் காலையில் குடித்தது பழஞ்சோற்றுத் தண்ணி, கஞ்சி, மோர். தடிமன் வந்தால் மல்லித்தண்ணி. காலத்தில் கிடைத்தால் கருப்பணி. 1930களில் உலகச் சந்தையில் தேயிலை விலை படுத்தது. 1933இல் இந்தியா, இலங்கை, ஒல்லாந்தரின் கிழக்கிந்தியத் தீவுகள் மூன்றும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த உடன்பட்டன. வெளியே அனுப்ப முடியாத சரக்கை என்ன செய்வது? தேயிலையைப் பிரசாரம் செய்யவென்றே 1932இல் இங்கே ஒரு சபை அமைந்திருந்தது. ஊர்மக்களைக் குடிக்கப் பழக்கும் வேலை இந்தியாவிலும் இலங்கையிலும் திட்டமிட்டே நடந்தது. வீட்டுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காவிட்டால் மரியாதையில்லை என்று இன்று நினைக்கிறோமே, அந்த மரியாதைக்கு நூறு வயதுகூட இருக்காது!

எனக்கு இந்தப் பழக்கம் முற்றியது கலாசாலைக் காலத்தில். பாடக்குறிப்பு எழுத இரவு பத்து மணிக்கு ஒரு பிளேன்ரீ. திருநெல்வேலியில் கம்பஸ் பிள்ளைகளும் இதையேதான் செய்கிறார்கள். படிப்பித்தல் தொடங்கிய பிறகு ஒரு நாளைக்கு ஆறு கோப்பை. ஆனாலும் களைப்புப் போகவில்லை.

ஏன் போகாது? உடம்பு வேலை செய்யச் செய்ய அடினோசின் என்ற பொருள் மூளையில் சேர்கிறது. "போதும், படு" என்று சொல்வது அதுதான். கஃபீன் அந்த அடினோசின் உட்காரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு இருக்கும், தெரியாது. உட்சென்ற கஃபீனில் பாதி கழியவே ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் எடுக்கும். மாலை ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பதினொரு மணிக்கும் உடம்பில் நிற்கிறது. 2013இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், படுப்பதற்கு ஆறு மணித்தியாலம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது. நமது கோப்பையில் இருப்பது அதில் பத்தில் ஒரு பங்களவுதான், உண்மை. ஆனால் நாம் ஒன்றோடு நிறுத்துவதில்லையே. காலையில் அரைத்தூக்கத்தில் எழும்பி, அதைத் தீர்க்க மறுபடி தேத்தண்ணி வைக்கிறோம்.

நான் கிழமைக்கு ஒரு கோப்பையாகக் குறைத்து இப்போது இரண்டில் நிற்கிறேன். இரண்டும் அஸருக்கு முன். ஒரேயடியாக விட்டால் அந்த நோன்புத் தலையிடிதான் வரும். நாலாவது கிழமையில் தூக்கம் சரியாயிற்று. பின்னேர வேளைக்கு மல்லியும் வேர்க்கொம்பும் அவித்த தண்ணி, ஒரு கடி பனங்கட்டி.

பெரியவர்களை விட எனக்குக் கவலை பிள்ளைகளைப் பற்றித்தான். 2022க்குப் பிறகு பால்மா விலையால் பல வீடுகளில் பாற்தேத்தண்ணி பிளேன்ரீ ஆகிவிட்டது. சில வீடுகளில் காலைச் சாப்பாடே அதுதான். முதல் பாடத்தில் துடிப்பாக இருக்கும் பிள்ளை மூன்றாம் பாடத்தில் மேசையில் தலை வைக்கிறது. அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். அதன் வயிற்றில் சீனியும் சாயமும் தவிர ஒன்றுமில்லை. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தேயிலைச் சாயம் தடுக்கிறது என்பதும் நிரூபிக்கப்பட்ட விடயம். ஆகவே சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுக்க வேண்டாம், ஒரு மணித்தியாலமாவது போகட்டும். முடிந்தால் காலையில் ஒரு கோப்பை கஞ்சி. கர்ப்பிணித் தாய்மாரும் இதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்குக் கஃபீன் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்பதே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் ஆலோசனை.

தேத்தண்ணியைக் குறைத்து, நன்றாகத் தூங்கி, ஒரு மாதமாகியும் களைப்பு அப்படியே இருந்தால் டொக்டரிடம் போங்கள். இரத்தசோகை, சீனி வருத்தம், தைரொயிட் எதுவாகவும் இருக்கலாம். இரத்தம் சோதித்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று. உங்கள் வீட்டு உம்மம்மா, அம்மம்மா, அப்பாச்சிமாரிடம் கேட்டுப் பாருங்கள்: அவர்கள் சின்ன வயதில் விடிய எழும்பி முதலில் குடித்தது என்ன? தேயிலை எந்தக் கடையிலிருந்து, எப்போது வீட்டுக்கு வந்தது? பதிலை எனக்கு எழுதுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு கொப்பியில் பதிந்து வைக்க ஆசை.