'ஏஎம்டி': கையெழுத்துக்கு முன் வீட்டில் பேசவேண்டியவை

மசேநிதி நியமனத்தைத் தள்ளிப்போடாமல் செய்துவிடுபவர்கள், உயில் எழுத வழக்கறிஞரைத் தேடிப் போகிறவர்கள்கூட, நினைவிழந்த நிலையில் தங்களுக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்ற பேச்சு வந்தால், "நல்ல நாளும் அதுவுமா எதுக்கு இந்தப் பேச்சு" என்று எழுந்து போய்விடுவதுண்டு. தள்ளிப்போட்ட அந்தப் பேச்சு பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், பல நாள் தூக்கமில்லாத பிள்ளைகளுக்கு இடையே நடக்கிறது.

சிங்கப்பூரில் இதற்கென்றே ஒரு சட்டம் உண்டு. 1996ல் நிறைவேற்றப்பட்டு 1997ல் நடப்புக்கு வந்த அச்சட்டத்தின்படி, 21 வயது நிரம்பிய, சுயநினைவும் தெளிந்த மனமும் உள்ள எவரும் 'ஏஎம்டி' எனப்படும் முன்கூட்டிய மருத்துவ உத்தரவைப் பதிவுசெய்யலாம். மீளமுடியாத நோயால் மரணம் நெருங்கி, நினைவும் தப்பிவிட்டால், உயிரைச் செயற்கையாக நீட்டிக்கும் சிகிச்சை தமக்கு வேண்டாம் என்பதே அதன் சாரம்.

படிவத்தில் கையெழுத்திடும்போது இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் மருத்துவராக இருக்கவேண்டும். வழக்கமாகப் பார்க்கும் குடும்ப மருத்துவரே போதும். கையெழுத்திடுபவரின் மரணத்தால் ஆதாயம் பெறக்கூடிய எவரும் சாட்சியாக இருக்கமுடியாது. உயிலிலோ காப்புறுதியிலோ பெயர் இருக்கும் மகனையும் மகளையும் இந்த விதி விலக்கிவிடுகிறது. படிவம் சுகாதார அமைச்சில் உள்ள பதிவாளரிடம் பதிவானால்தான் செல்லும். கையெழுத்திட்டு அலமாரியில் பூட்டிவைத்தால் அது வெறும் தாள்.

பலரும் அறியாத ஒன்று இதன் ரகசியம். "ஏஎம்டி செய்திருக்கிறீர்களா" என்று நோயாளியிடம் மருத்துவரோ தாதியரோ கேட்பதற்குச் சட்டம் தடை விதிக்கிறது. நோயாளி அந்த இறுதிக் கட்டத்தை எட்டிவிட்டார் என்று கருதும்போதுதான் மருத்துவர் பதிவாளரிடம் விசாரிக்கலாம். குடும்பத்திடம் சொல்லவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. யாரும் யாரையும் வற்புறுத்திவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது, நல்ல பாதுகாப்புதான். ஆனால் வீட்டிலும் வாய் திறக்காதவரின் பிள்ளைகள், அம்மா இப்படியொரு முடிவு எடுத்திருந்தார் என்பதை அவருக்கு நினைவு தப்பிய பிறகுதான் தெரிந்துகொள்வார்கள். மருத்துவமனைதான் ஏதோ செய்துவிட்டது என்ற சந்தேகத்துக்கு அது இடம்கொடுத்துவிடும்.

"சோறு தண்ணீர்கூடத் தராமல் விட்டுவிடுவார்களா" என்ற அச்சம் மூத்தோரிடம் அதிகம். அப்படியில்லை. வலியையும் வேதனையையும் தணிக்கும் பராமரிப்பு தொடரும். நியாயமான அளவில் உணவும் நீரும் வழங்குவதைச் சட்டமே அந்தப் பராமரிப்பில் சேர்த்துள்ளது. கருணைக்கொலைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

எதிர்ப்பக்கத் தவறான எண்ணமும் உண்டு. ஏஎம்டி இருந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள், அது எவ்வளவு குறுகியது என்பதைக் கவனிப்பதில்லை. பக்கவாதத்தால் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடப்பவருக்கோ, பிள்ளைகளின் முகமே மறந்துபோன முதுமை மறதி நோயாளிக்கோ, மரணம் நெருங்காதவரை அந்த உத்தரவு பேசாது. குடும்பங்களை அலைக்கழிக்கும் கேள்விகள் பெரும்பாலும் அந்த ஆண்டுகளில்தான் எழுகின்றன.

'எல்பிஏ' எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரம் இருந்தால் போதாதா? பணம், வீடு, அன்றாடப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு அது மிகவும் தேவை. ஆனால் உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கும் அதிகாரம் அதில் பெயரிடப்பட்டவருக்குக் கிடையாது. அந்த முடிவு மருத்துவருடையது. நோயாளியின் நலனையும், அவர் முன்பு தெரிவித்த விருப்பங்களையும் கருதி அவர் முடிவெடுப்பார். "மூத்தவன் சொல்வதே முடிவு" என்ற வீட்டு வழக்கம் அங்கே எடுபடாது.

முன்பு தெரிவித்த விருப்பம் எங்கே இருக்கிறது என்பதுதான் அப்போது கேள்வி. அதைப் பேசிப் பதிந்துவைக்கும் வழி 'ஏசிபி' எனப்படும் முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல். அது சட்டப் பத்திரமன்று, ஓர் உரையாடல். பயிற்சி பெற்ற ஒருவர் கூட இருந்து வழிநடத்துவார். வீட்டில் இருக்க விருப்பமா, மருத்துவமனையிலா. யாரையும் அடையாளம் தெரியாத நிலையிலும் வாழ்வை நீட்டிக்கவேண்டுமா. தம் சார்பில் மருத்துவரிடம் பேசவேண்டியவர் யார் என்பன அங்கே பேசப்படும். பேசவேண்டியவர் மூத்த மகனாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. அழுதுகொண்டாவது அம்மா சொன்னதைச் சொன்னபடி சொல்லக்கூடியவராக இருந்தால் போதும். அந்த நாளில் அவரையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது.

மனம் மாறினால் ஏஎம்டியை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். அதற்கு ஒரு சாட்சி போதும். வாய்மொழியாகச் சொன்னாலும் செல்லும். ரத்து செய்ததைப் பதிவாளருக்குத் தெரியப்படுத்தவேண்டும்.