கரிபியக் கடலின் துறைகள்: காற்றும் கரியும் தேர்ந்தவை

"பேரப் பிள்ளைகளோடு கரிபியக் கடலில் ஒரு வாரம் கப்பலிற் சுற்றிவர எண்ணியிருக்கிறோம். எந்தெந்தத் துறைமுகங்களில் நிற்கும் கப்பலைத் தேர்ந்தெடுக்கலாம்?" என்று நண்பர் ஒருவர் அண்மையில் என்னைக் கேட்டார். அவருடைய மகன் அமெரிக்காவில் பணிபுரிகிறான். கப்பல் நிறுவனங்கள் அனுப்பிய வண்ணப் படங்களையும் என் முன் பரப்பினார். எல்லாப் படங்களிலும் ஒரே நீலக் கடல், ஒரே வெண்மணல், ஒரே தென்னை. தென்னையைக் காண்பதற்கு நம்மவர் பத்தாயிரம் மைல் செல்ல வேண்டுமா என்று கேட்கத் தோன்றிற்று. கேட்கவில்லை.

துறை தேர்தல் இன்றைய பயணிகள் தொடங்கிய செயலன்று. ஐந்நூறு ஆண்டுகளாக அக்கடலில் பலரும் தத்தமக்கு உகந்த துறையைத் தேர்ந்தே வந்துள்ளனர். மாலுமி காற்றை நோக்கித் தேர்ந்தான். வணிகன் தீர்வையை நோக்கித் தேர்ந்தான். நீராவிக் கப்பலை ஓட்டியவன் நிலக்கரியை நோக்கித் தேர்ந்தான். இன்றைய உல்லாசக் கப்பல்கள் வந்து அணையும் இடங்கள் பல, அவர்கள் தேர்ந்து பயன்படுத்தி விட்டுச் சென்றவையே. ஆதலின் நண்பருக்கு நான் கூறிய விடையும் வரலாற்றைத் தழுவியதாக அமைந்தது.

முதலில் காற்றைப் பற்றிக் கூறவேண்டும். அத்திலாந்திக்குப் பெருங்கடலில் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஆண்டு முழுவதும் வீசும் காற்றை வாணிகக் காற்று என்பர். ஐரோப்பாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் புறப்பட்ட பாய்க்கப்பல்களை அதுவே மேற்கே தள்ளிச் சென்றது. கரிபியத் தீவுகள் வில் போல வளைந்து நிற்கின்றன. அவ்வில்லுக்கும் அப்பால், கிழக்கே தனித்து நிற்பது பார்படோசு. காற்றோடு வரும் கப்பலுக்கு எளிதில் எட்டுவது. ஒருமுறை தவறவிட்டு மேற்கே போய்விட்டால் காற்றை எதிர்த்துத் திரும்பி வருவதோ பெரும்பாடு. 1627-ல் ஆங்கிலேயர் அங்குக் குடியேறினர். சில பத்தாண்டுகளுக்குள் தீவு முழுவதும் கரும்புக் காடாயிற்று. அக்கரும்பை வெட்ட ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். பிரிட்சுடவுன் துறை அவ்விரண்டினாலும் வளர்ந்தது.

அத்துறைக்கு 1751-ல் ஓர் அமெரிக்க இளைஞன் வந்தான். நோயுற்ற அண்ணனுக்குத் துணையாக வந்த அவன் வயது 19. பெயர் சார்ச்சு வாசிங்டன். தன் நாட்டுக் கரையை விட்டு அவன் கடல் கடந்தது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். பார்படோசில் அவனுக்குப் பெரியம்மை கண்டது, பிழைத்துக்கொண்டான். பின்னாளில் அவன் நடத்திய விடுதலைப் போரில் படைவீரர்களை அம்மை கொத்துக்கொத்தாகக் கொன்றபோது தலைவனை அது தொடவில்லை. 1777-ல் தன் படைக்கு அம்மை குத்த ஆணையிட்டவனும் அவனே. அவன் தங்கிய வீட்டை இன்றும் பயணிகள் சென்று பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடற்கரையைவிட அவ்வீடு நெடுநாள் நினைவிருக்கும் என்பது என் கருத்து.

பார்படோசு கப்பல்களை வரவேற்ற துறையென்றால், போர்ட்டோ ரிக்கோ தீவின் சான் சுவான் கப்பல்களைத் தடுத்த துறை. மெக்சிகோவிலும் பெருவிலும் தோண்டிய வெள்ளியையும் பொன்னையும் ஏற்றிச் சென்ற சுபானியருக்கு அக்கடலின் கிழக்கு வாயிலில் ஒரு காவல் வேண்டியிருந்தது. 1539-ல் எல் மோரோ என்னும் கோட்டையைக் கட்டத் தொடங்கினர். 1595-ல் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவன் திரேக்கு அங்கே தோற்றுத் திரும்பினான். மூன்றாண்டு கழித்து வந்த கம்பர்லாந்துப் பிரபு கோட்டையைப் பிடித்தான். எனினும் வயிற்றுக்கடுப்பு அவன் படையை விரட்டியது. 1625-ல் ஒல்லாந்தர் வந்து நகரை எரித்தனர். கோட்டையை மட்டும் பெறமுடியவில்லை. இன்றும் துறைமுகத்துள் நுழையும் ஒவ்வோர் உல்லாசக் கப்பலும் அக்கோட்டையின் காலடியிலேயே செல்லவேண்டும். விடியற்காலையில் எழுந்து மேல்தளத்தில் நின்று பார்க்கத்தக்க காட்சி அது. கோட்டையின் முன்னுள்ள புல்வெளியில் சிறுவர் பட்டம் விடுவர். காற்று அன்றும் இன்றும் ஒன்றுதானே!

இனி, நான் நண்பரிடம் மிகுதியாகப் பேசிய துறைக்கு வருகிறேன். அது செயின்ட் தாமசு தீவிலுள்ள சார்லட் அமாலி. தேனியருக்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1620-ல் தரங்கம்பாடியிற் கோட்டை கட்டியவர்கள் அவர்களே. 1845-ல் அதனை ஆங்கிலேயருக்கு விற்றவர்களும் அவர்களே. அதே தேனியர் 1672-ல் செயின்ட் தாமசிற் குடியேறினர். துறையோரத்தில் எழுந்த சிற்றூருக்கு முதலில் வழங்கிய பெயருக்குக் குடிசாலை என்று பொருள். மாலுமிகள் எதற்காக அங்கு இறங்கினர் என்பதை இப்பெயரே கூறிவிடும். 1691-ல் அரசியின் பெயரைச் சூட்டி ஊருக்கு மதிப்பு உண்டாக்கினர்.

மலைகள் மூன்று பக்கமும் சூழ்ந்த ஆழமான துறை அது. ஆனால் ஆழம் மட்டும் அதனைப் பெரிதாக்கவில்லை. 1764-ல் தேனிய அரசு அதனைத் தீர்வையில்லாத் துறைமுகமாக அறிவித்தது. பினாங்கும் சிங்கப்பூரும் இவ்வழியில் வளர்ந்த வரலாற்றை நம் வாசகர்கள் அறிவர். பினாங்கில் ஆங்கிலக் கொடி ஏறுவதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு அவ்வழி திறக்கப்பட்டுவிட்டது. ஐரோப்பிய வல்லரசுகள் ஒன்றோடொன்று போரிட்ட காலங்களில், போரில் சேராத தேனியரின் துறையில் எல்லா நாட்டுச் சரக்கும் கைமாறியது. அச்சரக்குகளுள் மனிதரும் இருந்தனர் என்பதை மறைத்தல் கூடாது. அடிமை முறை அங்கு 1848 ஜூலை 3-ஆம் நாள் ஒழிந்தது. அதுவும் அரசு தானே மனமிரங்கி அளித்த கொடையன்று. அருகிலுள்ள செயின்ட் குரோய் தீவில் அடிமைகள் ஆயிரக்கணக்கில் திரண்டு நின்றபோது, வேறு வழியின்றி ஆளுநர் பான் சோல்ட்டன் விடுதலையை அறிவித்தார்.

நீராவிக் கப்பல் வந்தது. காற்றின் ஆட்சி முடிந்தது. கப்பலுக்கு இப்போது தீனி வேண்டும், அத்தீனி நிலக்கரி. ஆங்கிலேய அஞ்சற் கப்பல்கள் சார்லட் அமாலியைத் தங்கள் நடுநிலையமாகக் கொண்டன. விடுதலை பெற்ற அடிமைகளின் பெண்மக்கள் தலையிற் கூடை சுமந்து, பலகை வழியே ஏறிக் கப்பலின் வயிற்றில் கரியைக் கொட்டினர். அக்காலத்துப் படங்களில் அவர்களைக் காணலாம்: வரிசை வரிசையாக, நிமிர்ந்த கழுத்துடன், முகமெல்லாம் கரியுடன். கப்பல்கள் பெரிதாகி இடைநிலையம் தேவைப்படாத நிலை வந்ததும் அத்துறை தளர்ந்தது. தேனியர் தீவுகளை விற்க 1867-லும் 1902-லும் முயன்றனர். முதல் முறை அமெரிக்க மேலவை இசையவில்லை. இரண்டாம் முறை தேனிய மேலவை இசையவில்லை.

1914-ல் திறக்கவிருந்த பனாமாக் கால்வாயை எதிர்நோக்கி, தேனிய நிறுவனம் ஒன்று 1912-ல் தோன்றித் துறையின் கிழக்குப் பக்கத்தில் புதிய கரித்துறை ஒன்றை அமைத்தது. முதல் உலகப் போரின்போது செருமானியர் அத்தீவுகளைக் கைப்பற்றிவிடுவர் என்று அமெரிக்கா அஞ்சியது. 1917 மார்ச்சு 31-ல் 25 மில்லியன் அமெரிக்க வெள்ளிக்கு, பொன்னாகவே கொடுத்து, தீவுகளை வாங்கிக்கொண்டது. விற்கலாமா என்று தேனிய நாட்டில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. விற்கப்பட்ட தீவுகளின் மக்களுக்கு அவ்வாக்கு இல்லை.

இன்று ஐயாயிரம் பயணிகளைச் சுமந்த உல்லாசக் கப்பல் கட்டப்படுவது அதே பழைய கரித்துறையில்தான். கரி போய், கடைகள் வந்தன. பயணிகளிற் பெரும்பாலோர் அங்கிருந்து நகைக்கடைக்குச் சென்று கப்பலுக்குத் திரும்பிவிடுகின்றனர். சிவப்பு நிறக் கோட்டையும், அதன் அருகே விடுதலைப் பூங்காவும், மணல் பரப்பிய தரையையுடைய 1833-ஆம் ஆண்டு யூதர் ஆலயமும் நடந்தே செல்லும் தொலைவில் உள்ளன. ஓவியர் கமீல் பிசாரோ 1830-ல் பிறந்ததும் இவ்வூரிலேதான்.

உல்லாசத்திற்கென்றே கப்பல் கட்டும் வழக்கம் எப்போது தோன்றியது என்று சிலர் கேட்கலாம். 1900-ல் செருமானியர் கட்டிய 'பிரின்சசின் விக்டோரியா லூயிசே' என்னும் கப்பலையே முதலாவதாகக் கூறுவர். மறு ஆண்டே அது கரிபியக் கடலுக்கு வந்தது. 1906 திசம்பர் 16-ஆம் நாள் இரவு, சமைக்காவின் கிங்சுடன் துறையை நோக்கி வந்தபோது, கப்பல் தலைவர் வழிகாட்டி மாலுமிக்குக் காத்திராமல் தாமே செலுத்தினார். ஒரு கலங்கரை விளக்கத்தை மற்றொன்றாக எண்ணிப் போர்ட் ராயலருகே பாறையில் ஏற்றிவிட்டார். பயணிகள் அனைவரும் உயிருடன் கரை சேர்ந்தனர். தலைவர் தம் அறைக்குச் சென்று தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். அப்போர்ட் ராயல் 1692-ல் நிலநடுக்கத்தால் பெரும்பகுதி கடலுள் மூழ்கிய ஊர். விமானங்கள் பெருங்கடற் பயணிகளைக் கவர்ந்துகொண்ட பின்னர், 1966-ல் மயாமியிலிருந்து 'சன்வார்டு' என்னும் கப்பல் ஓடத் தொடங்கியது. இன்றைய பயண முறை அதன் வழி வந்தது.

அடுத்தது மார்த்தினிக்குத் தீவு. உல்லாசக் கப்பல் அணைவது போர் தெ பிரான்சில். நண்பரிடம், "அங்கே இறங்கியதும் வடக்கே ஏறத்தாழ 20 மைல் செல்லுங்கள்" என்றேன். அங்கே செயின் பியேர் இருக்கிறது. 1635-ல் பிரெஞ்சுக்காரர் அமைத்த அத்துறை நகரைக் கரிபியத்தின் பாரிசு என்று புகழ்ந்தனர். நாடக அரங்கும் மின்விளக்கும் கொண்ட செல்வ நகர். 1902 மே 8-ஆம் நாள் காலை எட்டு மணியளவில் பெலே எரிமலை வெடித்தது. நெருப்பு மேகம் ஒன்று மலைச்சரிவில் இறங்கி நகரை மூடியது. சில நிமிடங்களில் ஏறத்தாழ 28,000 பேர் மாண்டனர். மலை முன்னறிவிப்பில்லாமல் வெடிக்கவில்லை. பல நாள்களாகச் சாம்பல் விழுந்துகொண்டிருந்தது. மே 5-ல் சேற்று வெள்ளம் ஒரு சர்க்கரை ஆலையையே புதைத்தது. மே 11-ல் தேர்தலின் இரண்டாம் சுற்று நடக்கவிருந்தது. அச்சம் பரவாதிருக்க ஆளுநர் தம் மனைவியோடு நகருக்கு வந்து தங்கினார். இருவரும் அங்கேயே இறந்தனர். துறையில் நின்ற கப்பல்கள் எரிந்தன. 'ரோடம்' என்னும் ஆங்கிலக் கப்பல் மட்டும், வெந்த உடலோடு சுக்கான் பிடித்த தலைவனால், செயின்ட் லூசியா வரை தப்பிச் சென்றது.

நகரிலிருந்து உயிர் தப்பிய மிகச் சிலருள் ஒருவன் சிப்பாரிசு என்னும் சிறைக் கைதி. தடித்த கற்சுவரும் சிறு துளையும் கொண்ட நிலவறை அவனைக் காத்தது. பின்னர் ஒரு அமெரிக்க சர்க்கசு அவனைக் காட்சிப்பொருளாக ஊர் ஊராகக் கொண்டுசென்றது. அச்சிறை அறை இன்றும் நிற்கிறது.

இத்துறைக்கு நம்மவர் செல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1848-ல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853 மே மாதத்தில் 'ஒரேலி' என்னும் கப்பல், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு மார்த்தினிக்கை அடைந்தது. மறு ஆண்டு திசம்பரில் அதே கப்பல் குவாதலூப்புக்கும் கூலிகளைக் கொண்டு சென்றது. அடுத்த முப்பதாண்டுகளில் மார்த்தினிக்குக்கு மட்டும் ஏறத்தாழ 25,000 பேர் சென்றனர். புதுச்சேரி, காரைக்கால் வழியே சென்ற அவர்களிற் பெரும்பாலோர் தமிழர். மலாயாத் தோட்டங்களுக்கு வந்தோரின் வரலாற்றை அறிந்த நமக்கு அவர்கள் பட்ட பாட்டை விளக்க வேண்டியதில்லை. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. நமக்கு ஊர் அருகில் இருந்தது. கடிதமும் கப்பலும் வந்துகொண்டிருந்தன. அவர்களுக்கு அத்தொடர்பு அறுந்தது. மொழி வீட்டிலிருந்து மறைந்தது. மாரியம்மன் 'மாலியெமென்' ஆனாள். மதுரை வீரன் 'மால்தெவிலென்' ஆனான். குவாதலூப்பில் என்றி சிதம்பரம் என்பார் இந்தியர் வழிவந்தோரின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்றார். அவ்விரு தீவுகளிலும் உணவு விடுதிகளில் 'கொலம்போ' என்று ஒரு கறி வைப்பர். குழம்பு என்னும் சொல்லே அவ்வாறு ஆயிற்று என்பாரும் உளர். கொழும்பின் பெயர் என்பாரும் உளர். உண்டு பார்த்தே தீர்மானிக்கலாம்.

குடும்பத்தோடு செல்வோர் வேறு சிலவற்றையும் எண்ண வேண்டும். ஜூன் முதல் நவம்பர் வரை அக்கடலில் சூறாவளிக் காலம். 2017 செப்டம்பரில் இர்மா, மரியா என்னும் இரு புயல்கள் செயின்ட் தாமசையும் போர்ட்டோ ரிக்கோவையும் சிதைத்தன. அக்காலத்திற் செல்ல நேர்ந்தால் தெற்கே, புயல் வழக்கமாக வீசும் பாதைக்கு வெளியே உள்ள குராசாவோ தீவை நாடலாம். அதன் வில்லெம்சுடட் துறையில் மிதவைகளின் மேல் அமைந்த 1888-ஆம் ஆண்டுப் பாலம் ஒன்று உண்டு. கப்பல் வரும்போது பாலமே ஒரு பக்கமாக ஒதுங்கி வழிவிடும். பிள்ளைகள் அதனை விட்டு நகரமாட்டார்கள். முதியோர் உடன் வருவதாயின், கப்பல் கரையில் அணையுமா, நடுக்கடலில் நின்று படகில் இறக்குமா என்றும் கேட்டறிதல் நன்று. பெரிய கேமன் தீவில் இன்றும் படகில்தான் இறங்கவேண்டும். பிரிட்சுடவுனிலும் 1961-ல் ஆழ்துறை திறக்கப்படும் வரை அவ்வாறே இருந்தது.

கப்பல் நிறுவனங்கள் தாமே வாங்கியும் குத்தகைக்கு எடுத்தும் வேலியிட்ட தனிக் கடற்கரைகளும் இப்போது துறைகளின் பட்டியலில் சேர்கின்றன. ஊரே இல்லாத துறை அது. நீந்தலாம், உண்ணலாம், அந்நாட்டு மனிதர் ஒருவரை வேலையாளாகவன்றிக் காண்பது அரிது. பயணத்தில் அவ்வாறான ஒரு நாள் இருந்தால் குறையில்லை. இரண்டு நாள் இருந்தால் வேறு கப்பல் பார்க்கலாம்.

நண்பர் குறித்துக்கொண்டு சென்றார். சனவரியில் சான் சுவானிலிருந்து புறப்பட்டு, சார்லட் அமாலி, போர் தெ பிரான்சு, பிரிட்சுடவுன் ஆகியவற்றில் நிற்கும் கப்பல் ஒன்றில் அறை பதிந்துவிட்டதாகப் பின்னர் எழுதியிருந்தார். அவருடைய பத்து வயதுப் பேரனுக்கு ஒரே ஐயமாம்: அந்தக் கைதியின் சிறை அறைக்குள் நுழைந்து நிற்க விடுவார்களா, அல்லது வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டுமா என்று தாத்தாவைத் தொளைத்துக்கொண்டிருக்கிறானாம்.