திருச்சபை ஐக்கியமும் புதிதாய் வந்தோரும்

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டுப் புறப்படும் தமிழர், மொழியையும் சமயத்தையும் உடன் கொண்டு செல்கின்றனர். சென்றவிடத்தில் தம் சமயத்தாரையே கண்டும் அவர்களோடு ஒரு பந்தியில் அமர இயலாத நிலை, ஒரு காலத்தில் நம் கிறிஸ்தவச் சகோதரர்களுக்கு இருந்தது. அந்நிலை மாறிய வரலாற்றை இம்மலரில் நினைவுகூர விழைகிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேல்நாட்டு மிஷன்கள், ஒன்றின் எல்லையில் மற்றொன்று புகாதவாறு தமிழகத்தைப் பெரும்பாலும் தமக்குள் பகிர்ந்துகொண்டன. திருநெல்வேலி ஆங்கிலிக்கன் சபைக்கும், மதுரை அமெரிக்க மிஷனுக்கும், நாகர்கோவில் லண்டன் மிஷனுக்கும் உரியவாயின. ஆகவே ஒருவர் எச்சபையினர் என்பதை அவர்தம் கொள்கையன்று, பிறந்த ஊரே தீர்மானித்தது. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குக் குடிபெயர்ந்தவர், அத்தியட்சரிடம் திடப்படுத்தல் பெறாதவர் என்பதனால், ஆங்கிலிக்கன் விதிப்படி திருவிருந்துக்கு உரியவராகார். இங்கிலாந்தில் மூண்ட பிணக்கொன்று தாமிரபரணிக் கரையில் அண்ணனையும் தம்பியையும் பிரித்து வைத்தது!

இத்தடையை நீக்க முயன்றோருள் தலையாயவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அவர், தெலுங்கு நாடு சென்று, அம்மொழி கற்று, 1912-இல் தோர்ணக்கல் அத்தியட்சரானார். இந்தியருள் முதல் ஆங்கிலிக்கன் அத்தியட்சர் அவரே. அயலூரில் குடியேறியவரின் உள்ளத்தை அவர் நன்கறிவார். பிரெஸ்பிட்டேரியன், கான்கிரிகேஷனல் சபைகள் 1908-இலேயே ஒன்றுபட்டிருந்தன. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் அச்சபையினரும் ஆங்கிலிக்கன் சபையினருமாக 33 போதகர் கூடினர். இருவர் நீங்கலாக ஏனையோர் இந்தியர். பிரிவினைகள் நாம் உண்டாக்கியவை அல்ல, அவற்றை நாம் சுமக்க வேண்டுவதுமில்லை என்பதே அவர்கள் கருத்து.

பின்னர் மெதடிஸ்டுகளும் சேர, பேச்சு இருபத்தெட்டு ஆண்டுகள் நீடித்தது. அத்தியட்சர் கைவைத்து அபிஷேகிக்காத போதகரை ஏற்பதா என்பதே பெருஞ்சிக்கல். ஒருவரையும் மீண்டும் அபிஷேகிக்காமல் அனைவரையும் உள்ளபடியே ஏற்பது, இனி வருவோர் அத்தியட்சரால் அபிஷேகம் பெறுவது, எந்தச் சபையின் மனச்சாட்சியையும் வற்புறுத்தாதிருப்பது என்று முடிவாயிற்று. 1947 செப்டம்பர் 27-இல் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. 1945 புத்தாண்டு நாளிலேயே மறைந்த அசரியா அதனைக் காணக் கொடுத்து வைக்கவில்லை.

ஐக்கியம் முழுமை பெற்றதென்று கூறோம். தரங்கம்பாடியையே தாயகமாகக் கொண்ட தமிழ் லுத்தரன் சபை அதில் சேரவில்லை. எனினும் 1970-இல் நாகபுரியில் வட இந்தியத் திருச்சபையும் அமைந்து, இரண்டும் ஒன்றையொன்று ஏற்றன. தெற்கிலிருந்து வடக்கே வரும் குடும்பத்துக்கு இன்று திருவிருந்து மறுக்கப்படுவதில்லை.

சட்டம் வாயிலைத் திறந்துவிட்டது. வந்தவரை உள்ளே அழைத்து அமர்த்துவது அருகிலிருப்போர் கடமை. எந்த ஊர், எந்தச் சபை என்று வினவுமுன் 'வாருங்கள்' என்னும் சொல் முந்த வேண்டும். கோயிலுக்கு மட்டுமன்று, காலனியில் புதிதாய்க் குடியேறும் குடும்பங்களை வரவேற்கும் நம் சங்கத்துக்கும் இது பொருந்தும் என்பதை அன்பர்கள் சிந்திப்பார்களாக.